அரைக்கதவுக்கு மேலே

முதலாவது அநியாயம், அறுபத்தெட்டாம் ஆண்டு, மண்ணடியில் நான் கிளீனராகச் சேர்ந்த மூன்றாம் நாள், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி உட்கார்ந்தேன் என்று முதலாளியின் மைத்துனன் எனக்குக் கீழேயிருந்து நாற்காலியை இழுத்தான். இரண்டாவது, எழுபத்தொன்றில், கொதிக்கும் சாம்பார் வாளி என் இடது காலில் கவிழ்ந்தபோது, தொழிலாளர் ஆய்வாளர் வந்து போகும்வரை என்னை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். மூன்றாவது, எழுபத்துநான்கில், தொழிலாளிக்கு முந்தைய நாள் குழம்புதான் என்று நிர்வாகம் எழுத்திலேயே கொடுத்தது. நான்காவது, எழுபத்தேழில், நான் வண்ணம் தீட்டிய சங்கப் பலகையைக் கழற்றி மாவரைக்கும் அறைச் சாக்கடைக்கு மேல் பாலமாகப் போட்டு என் எழுத்தின் மேல் நடந்தார்கள். ஐந்தாவது, எண்பத்தொன்று ஜூலையில், இருபத்திரண்டு பேரை ஒரே நாளில் வெளியே தள்ளி ஷட்டரை இறக்கினார்கள். இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. மேடையில் சொன்னதும் இதுதான், பிரசுரத்தில் அச்சிட்டதும் இதுதான், காய்ச்சலில் பிதற்றியதும் இதுதான் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். ஆறாவது என்று ஒன்றை நான் எங்கும் எழுதியதில்லை. இப்படிப்பட்ட ஓட்டல்களில் ஒன்றைத்தான் இன்று சாயங்காலம், என் எழுபத்தாறாவது வயதில், சாப்பிடுவதற்காக நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. வடபழனி, மணி ஆறு நாற்பது. ஏழரைக்கு அவள் வந்துவிடுவாள். நடுத்தரமான ஓட்டல், நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். நடுத்தரம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காதது. எந்தப் பக்கம் என்று சொல்லாதவன் கண்டுபிடித்த சொல். நாற்பது வருஷம் ஓட்டல் தொழிலாளர் சங்கம் நடத்தியவனிடம் போய் நல்ல ஓட்டலாகப் பார் என்று சொல்வதில் ஏதோ இருக்கிறது. இல்லாமல் சொல்லமாட்டாள். பால்வண்ணத்தின் மகள்.

பெயர் செண்பகவல்லி. ரயில்வே மருத்துவமனையில் மருந்தாளராம். ஒன்பது நாள் முன்னால் போன் வந்தது. குரல் நிதானமாக இருந்தது, அதுவே எனக்குச் சந்தேகம். கோபமாகப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதும் தெரியும். என் புத்தகத்தைப் படித்தாளாம். புத்தகம் என்று அவள் சொன்னாள். அறுபத்துநான்கு பக்கம், நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்தது, ஆனால் அதில் ஒரு பொய் கிடையாது என்று நான் முன்னுரையில் எழுதியிருக்கிறேன். நாற்பத்தோராம் பக்கத்தில் வேலை நீக்கப்பட்ட தோழர்களின் பட்டியல். இருபத்தொரு பெயர். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி: எங்கள் அணிக்குள் ஒரு கருங்காலி இருந்தான், அவன் பெயரால் இந்தத் தாளை அழுக்காக்க விரும்பவில்லை. இரண்டாம் பதிப்பின் மெய்ப்பு இப்போது என் தோள்பையில் இருக்கிறது, நாளைக் காலை அச்சகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இது அவளுக்கு எப்படித் தெரிந்தது. அச்சகத்தில் எவனோ சொல்லியிருக்கிறான். அல்லது நானே போனில் சொன்னேனோ. சொன்னேன். இரண்டாம் பதிப்பு வருகிறது என்று பெருமையாகச் சொன்னேன், அப்போதுதான் அவள் கேட்டாள், அதில் அப்பா பெயர் வருமா என்று. ஆதாரம் இருக்கிறதா என்றேன். ஐம்பது வயதுப் பெண்ணிடம், செத்துப்போனவனின் மகளிடம், விசாரணைக் கமிட்டியில் கேட்பது போல. அவள் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சொன்னாள். "ஐயா, நீங்க எங்க அப்பாவப் பாத்த அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். உங்க கண்ணுக்கு நான் எட்டலை."

இந்த முதல் ஓட்டல் வேண்டாம். வாசலில் வாழைமரம் வரைந்த கண்ணாடி, உள்ளே மஞ்சள் விளக்கு. விலைப்பட்டியலை வெளியே வைக்கவில்லை, மேஜையில் ஒட்டிய கட்டத்தைப் போனில் படம் எடுத்தால் தெரியுமாம். மறைக்கிறவன் எதற்காக மறைக்கிறான். அடுத்தது செட்டிநாட்டு ஓட்டல், மீசை வைத்த காவலாளி எனக்கு சல்யூட் அடித்தான், வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நின்று சல்யூட் அடிக்கிறவனுக்கு ஒரு ஸ்டூல் போடாத இடத்தில் கோழிக்குழம்பு எப்படி இறங்கும். உட்கார ஸ்டூல் உண்டா என்று அவனிடமே கேட்டேன். "உக்காந்தா தூங்கிடுவேனாம், பெரியவரே," என்றான், சிரித்தபடி. சிரிக்கிறான். எங்கள் காலத்தில் சிரிக்கமாட்டோம். சிரித்திருப்போம், நான்தான் அதை எழுதவில்லை. மூன்றாவதில் மூவாயிரம் பேர் நாலரை நட்சத்திரம் கொடுத்திருப்பதாக ஒரு பலகை. மூவாயிரம் கையெழுத்தை ஒரே ராத்திரியில் ஒரே பேனாவில் போட்ட மகஜர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒன்றிரண்டைப் போட்டும் இருக்கிறேன். வயிறு பசிக்கிறது. மத்தியானம் சாப்பிடவில்லை, ஏன் என்று தெரியவில்லை, அவள் முன்னால் பசியோடு இருக்க வேண்டும் என்று தோன்றியது, பசி இருந்தால் வாதம் கூர்மையாக இருக்கும். ஆனால் வாதம் வரவில்லை. சாம்பார் வாசனை வருகிறது, பெருங்காயம் தூக்கலாக. ரோட்டில் மெட்ரோவுக்குத் தடுப்பு வைத்து இருக்கிற இடத்தில் பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், மிச்சத்தில் பஸ்ஸும் நானும். அவள் தனியாக வருவாளா. வக்கீலோடு வருவாளா. கைப்பையில் போனைத் திறந்து வைத்துக்கொண்டு நான் பேசுவதையெல்லாம் பதிவு செய்வாளா. பணம் நான்தான் கொடுப்பேன் என்று வேறு சொன்னாள். எதிரியின் சோற்றைச் சாப்பிட்டவன் என்று நாளைக்கு என்னைப் பற்றி யாராவது இரண்டு வரி எழுதினால்.

பால்வண்ணத்தைப் பற்றி அப்படித்தான் நான் எழுதினேன். அது வேறு. அது வேறுதான். எண்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எழும்பூரில் பெரிய ஓட்டல், நாங்கள் வேலை செய்ததல்ல, இன்னொன்று. நான் உள்ளே போனது துண்டுப்பிரசுரத்தை அங்கே பலகாரம் போடும் சரக்கு மாஸ்டரிடம் ரகசியமாகக் கொடுக்க. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். எதிரே குடும்ப அறைகள், ஒவ்வொன்றுக்கும் பச்சை வண்ண அரைக்கதவு, ஸ்பிரிங் வைத்தது, மேலே தலை தெரியும், கீழே கால் தெரியும், நடுவே மறைத்துவிடும். கதவுக்கு மேலே எங்கள் மேனேஜரின் வழுக்கைத் தலை. அவருக்கு எதிரே பால்வண்ணத்தின் தலை, எண்ணெய் தடவி வாரியிருந்தான், நல்ல சட்டை. எங்களில் எவனும் அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நாங்கள் பின்வாசலில் குத்துக்காலிட்டுச் சாப்பிடுகிறவர்கள். உட்கார்ந்திருக்கிறான், இன்னொருவன் அவனுக்குப் பரிமாறுகிறான், நெய் ரோஸ்ட், எதிரே மேனேஜர் ஏதோ சொல்ல இவன் தலையை ஆட்டுகிறான். வேண்டாம் என்றா, சரி என்றா, அந்தத் தூரத்திலிருந்து தலையாட்டலுக்கு அர்த்தம் நான்தான் போட்டேன். ஒன்பதாம் நாள் இருபத்திரண்டு பேர் வெளியே. யார் சங்கத்தில் இருக்கிறார்கள் என்று பட்டியல் கொடுத்தது யார். பால்வண்ணமும் அந்த இருபத்திரண்டில் ஒருவன்தானே என்று எங்கள் பொருளாளர் கேட்டார். அதுதான் தந்திரம், உளவாளியை உள்ளேயே வைத்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். அது எனக்கு ஒரு பிரசுரத்திலிருந்து தெரியும். பிரசுரங்களிலிருந்துதான் எனக்கு எல்லாம் தெரியும், அதில் எனக்கு வெட்கம் கிடையாது, பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்பில் விட்டது, பிரசுரம் விடவில்லை. ஆனால் செண்பகவல்லி போனில் சொன்னாள், அன்று அவளுக்கு ஆறாவது பிறந்தநாள். ஒரு தடவையாவது நாம் உட்கார, இன்னொருத்தர் பரிமாறச் சாப்பிடவேண்டும் என்று அவள் அப்பா கூட்டிப்போனாராம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வேறு இடம் இல்லை என்று அந்த மேனேஜரைக் கொண்டுவந்து இவர்கள் மேஜையில் உட்கார வைத்தார்களாம். முன்பின் தெரியாதவரோடு மேஜையைப் பகிர்ந்துகொள்வது எங்கள் தொழிலில் தினம் நூறு தடவை நடப்பது. நானே ஆயிரம் பேரை அப்படி உட்கார வைத்திருக்கிறேன், கொஞ்சம் தள்ளிக்குங்க சார் என்று. அது எனக்கு ஏன் அன்று தோன்றவில்லை. "அவர் எனக்கு ஒரு ரோஸ் மில்க் சொன்னார். அப்பா வேண்டாம்னு தலையாட்டினார். நான்தான் குடிச்சுட்டேன்," என்றாள், அந்த இடத்தில் மட்டும் அந்த நிதானமான குரல் கொஞ்சம் இறங்கியது. ஒன்பது நாளாக அளந்துகொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்து, ஆறு வயது, டேப் வைத்து அளந்தேன், அதன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தலை கதவுக்கு மேலே வராது. நிச்சயமாக வராது. கதவுக்குக் கீழே பார்த்திருந்தால் தரையை எட்டாத இரண்டு சின்னக் கால்கள் தெரிந்திருக்கும். குனிந்திருக்க வேண்டும். எவனுக்கும் குனியாதே என்று அந்த வருஷம் நான் எழுதிய பிரசுரம் நாலாயிரம் பிரதி போனது.

எந்த ஓட்டலையும் முன்வாசலில் எடை போடக்கூடாது, பின்வாசலில்தான் என்பது என் வழக்கம். அதைச் செய்யாமல் இவ்வளவு நேரம் சுற்றியது எனக்கே அவமானம். நாலாவது ஓட்டல், சாதாரணப் பலகை, மாடிப்படிக்குக் கீழே பிள்ளையார், சைவம், விலை வெளியே ஒட்டியிருக்கிறது, படிக்க முடிகிற எழுத்து. பக்கச் சந்தில் நுழைந்தேன். எண்ணெய் டின்கள், வெங்காயச் சாக்கு, ஈரத் தரை. அங்கே ஒரு பெஞ்சு. பெஞ்சில் மூன்று பேர், ஒடிசாவோ அசாமோ, சீருடையோடு உட்கார்ந்து தட்டில் சோறு, ஆவி பறக்கிறது. ஆவி பறந்தால் இன்றைய சோறு. குழம்பு இன்றையதா என்று கேட்டேன். மூவரில் மூத்தவனுக்கு நாற்பது இருக்கும், அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, லேபர் ஆபீஸா என்று கேட்டான், நல்ல தமிழ். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு எங்க குழம்பைக் கேக்கறீங்க, உங்களுக்கு உள்ளே தருவாங்க," என்றான், மற்ற இருவரும் சிரித்தார்கள். உட்கார்ந்து சாப்பிட விடுகிறார்களா என்று கேட்டேன். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை. உட்காராமல் எப்படிச் சாப்பிடுவது என்பது போல் பார்த்தான். இந்தப் பெஞ்சுக்காகவும்தான் எண்பத்தொன்றில், ஷட்டரை இறக்கிய பிறகு, நாங்கள் அறுபத்துமூன்று நாள் தெருவில் கிடந்தோம். அந்த அறுபத்துமூன்று நாளும் நான் கேட்டு வாங்கிய ஒப்பந்தமும் என் வாழ்க்கையிலேயே நான் நிமிர்ந்து சொல்லக்கூடிய ஒரே காரியம், அதில் போய் செண்பகவல்லி கையை வைக்கிறாள். ஒப்பந்தத்தின் இணைப்பு என் பட்டியல். வாயிற்கூட்டத்தில் நான் வாசித்த அதே தாளைத்தான் இணைத்தார்கள். ஒவ்வொரு பெயராக நான் வாசிப்பேன், எண், பெயர், வேலை. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் வேலை கொடு என்று சொல்லும். வாசிக்கப்பட்டவனுக்கு அரிசி, வாசிக்கப்பட்டவனுக்கு இடம், கடைசியில் வாசிக்கப்பட்டவனுக்கு வேலை. இருபத்தொன்றோடு நிறுத்திவிட்டுத் தாளை மடித்தேன். பால்வண்ணம் மூன்றாம் வரிசையில் நின்றான். சொல்வதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தான், தன் பெயர் வந்ததும் கூட்டத்தோடு சேர்ந்து சொல்ல. தாளின் பின்பக்கத்தில் இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, என் கையையே பார்த்தான். பிறகு எந்த முதலாளியும் அவனைச் சேர்க்கவில்லை, எந்தத் தோழனும் அவனோடு டீ குடிக்கவில்லை. அம்பத்தூரில் சைக்கிளில் டீ விற்றான் என்று கேள்விப்பட்டேன். இரண்டாயிரத்து நாலில் போய்விட்டான். நான் போகவில்லை. கருங்காலி வீட்டுச் சாவுக்குப் போகக்கூடாது என்பது சங்கத்தின் விதி, விதியை எழுதியது நான். இங்கெல்லாம் வரக்கூடாது பெரியவரே, பாத்ரூம் உள்ளே இருக்கு என்று ஒரு சூப்பர்வைசர் வந்து என்னைச் சந்திலிருந்து வெளியே அனுப்பினான்.

இந்த ஓட்டல்தான், போனில் செண்பகவல்லிக்கும் சொல்லிவிட்டேன். முன்வாசலுக்கு வந்தால் முப்பது பேர் காத்திருக்கிறார்கள், சனிக்கிழமை. பிளாஸ்டிக் நாற்காலிகள், குழந்தைகள், எல்லோர் முகத்திலும் போன் வெளிச்சம். ஒரு பெண் அட்டையில் தாள் செருகிப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாள், இருபத்தைந்து வயது இருக்கும், சட்டைப் பையில் கவிதா என்று பட்டை. கவிதாவா, அல்லது இங்கே எல்லாருக்கும் அந்தப் பட்டைதானா. எத்தனை பேர் என்றாள். இரண்டு என்றேன். பெயர் என்றாள். எந்தப் பதிவேட்டிலும் நான் என் பெயரைக் கொடுத்ததில்லை. லாட்ஜ், நூலகம், ரேஷன் கடையில் வரிசைச் சீட்டு, எங்கே கேட்டாலும் ஒரு தோழனின் பெயரைச் சொல்வேன். அது தலைமறைவு நாட்களின் பழக்கம், ஐம்பது வருஷமாகியும் கை விடவில்லை. பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பேன், முதல் எண்ணிலிருந்து வரிசையாக, முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. செத்தவன் பெயரானாலும் பரவாயில்லை. போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் இருபத்தொன்றாம் எண்ணைச் சொன்னேன். இன்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்று, கி. முனுசாமி, சரக்கு மாஸ்டர். அதைத்தான் சொல்லப்போனேன். வாய் பால்வண்ணம் என்றது. அவள் எழுதிவிட்டாள். எழுதிக்கொண்டே தலை நிமிராமல் விதியைச் சொன்னாள். "ரெண்டு தடவைதான் கூப்பிடுவேன் சார். யாரும் எழுந்திரிக்கலேன்னா அடிச்சிட்டு அடுத்தவங்களுக்குப் போயிடுவேன்." நியாயமான விதி. நானே இதைவிடக் கடுமையாக எழுதியிருப்பேன். மாற்றச் சொல்லலாம். தவறாகச் சொல்லிவிட்டேன் அம்மா, முனுசாமி என்று போடு என்று சொல்ல ஒரு நொடி போதும். செண்பகவல்லி வருவதற்குள் சொல்லிவிடலாம். என் அப்பாவின் பெயரை ஓட்டல் வாசலில் விளையாட்டாக எழுதி வைத்திருக்கிறான் கிழவன் என்று அவள் நினைத்தால். அல்லது மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்தால், அது அதைவிட மோசம். நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. எதற்கு வந்தேன். பையைத் தொட்டுப் பார்த்தேன். மெய்ப்பு இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. மெய்ப்பில் பிழை திருத்தும் சிவப்புப் பேனா.

ஏழரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தாள். தனியாக. வக்கீல் இல்லை. பருத்திப் புடவை, தோளில் பெரிய பை, பையில் டிபன் பாக்ஸ், வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். முகத்தைப் பார்க்கக்கூடாது என்று வைத்திருந்தேன், பார்த்தேன், நெற்றி அவன் நெற்றி. நீங்கள்தானே தணிகாசலம் ஐயா என்றாள். உங்களைத் தோழர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார், ஆனால் எனக்கு ஐயாதான் வருகிறது என்றாள், குத்துகிறாளா சாதாரணமாகச் சொல்கிறாளா என்று தெரியவில்லை, எனக்கு இந்த வயதில் வித்தியாசம் தெரிவதில்லை, எப்போதாவது தெரிந்ததா. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏன் இந்த ஓட்டல் என்று கேட்டாள். பின்னால் பெஞ்சு இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினாள். அவளுக்குப் புரிந்தது, சப்ளையர் மகள். அப்பாவும் எந்த ஓட்டலுக்குப் போனாலும் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார் என்றாள். கடைசிவரைக்குமா என்று கேட்டேன். கடைசிவரைக்கும், அதை உங்களிடமிருந்து கற்றதாகச் சொல்வார் என்றாள். என்னைப் பற்றி வேறு என்ன சொல்வார் என்று கேட்டேன், கேட்டிருக்கக்கூடாது. "அவருக்கு நல்ல குரல், பேர் வாசிச்சா அது கணீர்னு கேக்கும்னு சொல்வார்." அவ்வளவுதான் சொன்னானாம் அவன் அவளிடம், அவ்வளவுதான். திட்டவில்லையா. திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் வைத்திருந்தேன். அந்தப் பெண் அட்டையோடு வாசற்படிக்கு வந்தாள். நான் செண்பகவல்லியிடம் சொல்லிவிட வேண்டும், இப்போது, அந்தப் பெயரை நான்தான் கொடுத்தேன் என்று. ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டு போனது, அதற்குள் அட்டைப் பெண் கூப்பிட்டாள். பால்வண்ணம், ரெண்டு பேர். யாரும் நிமிரவில்லை. போன்களுக்குள்ளேயே இருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் செண்பகவல்லியின் தலை மெதுவாகத் திரும்பியது, வாசலை நோக்கியல்ல, என்னை நோக்கி. என்னால் எழ முடியவில்லை. மூட்டுவலி என்று சொல்லலாம், மூட்டுவலி இல்லை. இரண்டாம் தடவை. பால்வண்ணம். மறுபடி யாரும் இல்லை, அந்தப் பெண் பேனாவை எடுத்துத் தாளுக்கு மேல் கொண்டுபோனாள், மூன்றாம் வரிசையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவன் என் கையைப் பார்க்கிறான், நான் தாளை மடிக்கப்போகிறேன், நான் தாளை மடித்துக்கொண்டிருக்கிறேன். அடிக்காதே அம்மா என்று சொன்னேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை. எழுந்து நின்றேன். நின்றதும் முப்பது பேரும் தெரிந்தார்கள், குழந்தைகளும் அட்டைப் பெண்ணும், கீழேயிருந்து ஒரு முகமும், நெற்றி அவன் நெற்றி. ஒலிபெருக்கி இல்லாத நாட்களில் வாயிற்கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வயிற்றிலிருந்து எடுக்கிற குரல் ஒன்று உண்டு. அது இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தது. எல்லோரும் போனிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்க்கும்வரை காத்திருந்து, எப்படி வாசிக்க வேண்டுமோ அப்படி, எண், பெயர், வேலை என்று வாசித்தேன்.

"இருபத்திரண்டு. தெ. பால்வண்ணம். சப்ளையர்."